தமிழ்நாட்டுப் பார்முலா 1 ஓட்டுநர்களும் தொலைக்காட்சி ஒளிபரப்பும்

இக்கட்டுரையில் குறிப்பிடப்படும் சோழவரம் சென்னைக்கு வடக்கே திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ள ஊர். மதுரை மாவட்டத்தில் வைகைக் கரையில் அமைந்த சோழவந்தான் வேறு ஊராகும்.

பார்முலா 1 தானுந்துப் பந்தயத்தில் இதுவரை பங்கேற்ற இந்திய ஓட்டுநர்கள் இருவர் மட்டுமே. ஒருவர் கோயம்புத்தூரில் வளர்ந்த நரேன் கார்த்திகேயன். மற்றவர் சென்னையைச் சேர்ந்த கருண் சந்தோக். இருவருமே தமிழ்நாட்டிலிருந்து சென்றவர்கள். இவர்கள் அணி விட்டு அணி மாறியதும், பந்தயத் தொடர் விட்டுத் தொடர் மாறியதும் திறமையை மட்டும் பொறுத்து நடந்தவை அல்ல. தானுந்துப் பந்தயம் தொலைக்காட்சியால் வாழும் விளையாட்டு. பந்தயம் எத்தனை வீடுகளில் தெரிகிறது, வாகனத்தின் மீது ஒட்டிய பெயர் எவ்வளவு நேரம் திரையில் நிற்கிறது என்பதைக் கணக்கிட்டே நிறுவனங்கள் பணம் தருகின்றன. அப்பணமே பல வேளைகளில் ஓட்டுநருக்கு இருக்கையைப் பெற்றுத் தருகிறது. எனவே இவ்விருவரின் வாழ்க்கைப் பாதையை, இந்தியாவில் ஒளிபரப்பு மாறிய விதத்தோடு சேர்த்துப் பார்க்கும்போதுதான் பல முடிவுகள் விளங்குகின்றன.

பின்னணி

இந்தியாவில் தானுந்துப் பந்தயத்தின் தொட்டில்களுள் ஒன்று சோழவரம். இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுபாதை ஒன்று அங்கு இருந்தது. 1950களில் உருவான சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகம் அவ்வோடுபாதையில் பல பத்தாண்டுகள் பந்தயங்களை நடத்தியது. கருண் சந்தோக்கின் பாட்டனார் இந்து சந்தோக் அக்கழகத்தை நிறுவியவர்களுள் ஒருவர். பின்னர் கழகம் திருப்பெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் தனக்கென ஒரு தடத்தை அமைத்துக்கொண்டது. ஏறத்தாழ 3.7 கி.மீ. நீளமுள்ள அத்தடம் 1990இல் பயன்பாட்டுக்கு வந்தது.

கோயம்புத்தூரின் பங்கு வேறு விதமானது. அங்கு எஸ். கரிவரதன் மாருதி 800 இயந்திரத்தைப் பொருத்திய, ஒருவர் மட்டும் அமரும் பந்தய வாகனத்தை உருவாக்கினார். பார்முலா மாருதி எனப்பட்ட அவ்வாகனம், பெருஞ்செல்வர் அல்லாத இளைஞர்களும் திறந்த சக்கர வாகனத்தை ஓட்டிப் பழக வழி செய்தது. கரிவரதன் 1995இல் விமான விபத்தில் இறந்தார். 2003இல் செட்டிப்பாளையத்தில் அமைந்த பந்தயத் தடம் அவர் பெயரைத் தாங்கியுள்ளது.

தேசிய அளவிலான போட்டிகளை நடத்தத்தக்க நிரந்தரத் தடங்கள் இவ்விரு நகரங்களை ஒட்டியே அமைந்தன. மதுரை வட்டாரத்தில் அத்தகைய தடம் இல்லை. சோழவந்தானில் வாழும் ஒருவர் பந்தயத்தை நேரில் காண ஏறத்தாழ இருநூறு கிலோமீட்டர் பயணம் செய்ய வேண்டும். தென்மாவட்டங்களைப் பொறுத்தவரை தானுந்துப் பந்தயம் என்பது தொடக்கம் முதலே தொலைக்காட்சியில் மட்டும் காணும் விளையாட்டாகவே இருந்துள்ளது.

நரேன் கார்த்திகேயன்: முதல் கட்டம்

நரேன் கார்த்திகேயன் 1977 சனவரி 14 அன்று பிறந்தார். தந்தை ஜி. ஆர். கார்த்திகேயன் தேசிய அளவில் வெற்றி பெற்ற ராலி ஓட்டுநர். நரேன் 1992இல் பிரான்சில் எல்ஃப் வின்பீல்ட் பந்தயப் பள்ளியில் பயிற்சி பெற்றார். அடுத்த ஆண்டு பார்முலா மாருதியில் ஓட்டினார். 1994இல் பிரித்தானியாவுக்குச் சென்று பார்முலா போர்ட் குளிர்காலத் தொடரை வென்றார். ஐரோப்பாவில் தொடர் ஒன்றை வென்ற முதல் இந்தியர் இவரே. 1996இல் பார்முலா ஆசியா வாகையாளர் ஆனார். 1998 முதல் 2000 வரை பிரித்தானிய பார்முலா 3 தொடரில் கார்லின், பின்னர் ஸ்டூவர்ட் அணிகளுக்காக ஓட்டினார்.

2001 சூன் 14 அன்று சில்வர்ஸ்டோனில் ஜாகுவார் அணியின் வாகனத்தைச் சோதனை ஓட்டம் செய்து, பார்முலா 1 வாகனம் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். ஆயினும் பந்தய இருக்கை கிடைக்க மேலும் நான்கு ஆண்டுகள் பிடித்தன. இடைப்பட்ட காலத்தில் சப்பானின் பார்முலா நிப்பானிலும், ஐரோப்பாவில் நிசான் உலகத் தொடரிலும் ஓட்டினார். 2004ஆம் ஆண்டுக்கு மினார்டி அணி அவருக்கு இடம் தர முன்வந்தது. தேவையான விளம்பரப் பணத்தைத் திரட்ட இயலாததால் அவ்வாய்ப்பு கைநழுவியது.

இந்நிகழ்வு கூர்ந்து நோக்கத்தக்கது. அப்போது பார்முலா 1 பந்தயங்கள் இந்தியாவில் ஆண்டுதோறும் ஒளிபரப்பாகி வந்தன. பார்ப்போரும் இருந்தனர். ஆனால் களத்தில் இந்தியர் எவரும் இல்லாத விளையாட்டில் பணம் போட இந்திய நிறுவனங்கள் தயங்கின. பணம் வராமல் இந்தியர் களத்தில் இறங்க முடியாது. எது முதலில் வருவது என்ற இச்சிக்கல் சிறிய அணிகளில் இடம் தேடும் எல்லா நாட்டு ஓட்டுநர்களுக்கும் பொதுவானது என்றாலும், கிரிக்கெட்டே விளம்பரப் பணத்தின் பெரும்பகுதியை ஈர்த்துக்கொள்ளும் இந்தியாவில் அது இன்னும் இறுக்கமாக இருந்தது.

2005: ஜோர்டான் அணியும் சென்னையின் இருண்ட திரையும்

2005 பெப்ரவரி 1 அன்று நரேன் ஜோர்டான் அணியில் சேர்வது அறிவிக்கப்பட்டது. டாட்டா குழுமம், பாரத் பெட்ரோலியம், ஜே. கே. டயர் ஆகிய இந்திய நிறுவனங்கள் அவருக்குத் துணை நின்றன. மார்ச் 6 அன்று மெல்போர்னில் நடந்த ஆத்திரேலிய கிராண்ட் பிரீயில் 12ஆம் இடத்திலிருந்து புறப்பட்டு 15ஆவதாக முடித்தார். மெல்போர்னின் பிற்பகல் இந்தியாவுக்குக் காலை நேரம் ஆதலால், ஞாயிறு காலை எட்டரை மணிக்கு இந்தியாவில் அப்பந்தயத்தைக் காண முடிந்தது.

ஆனால் எல்லோராலும் காண முடியவில்லை. இந்தியாவில் பார்முலா 1 ஒளிபரப்பு ஈ.எசு.பி.என். ஸ்டார் ஸ்போர்ட்ஸ் நிறுவனத்திடம் இருந்தது. அதன் அலைவரிசைகள் கட்டண அலைவரிசைகள். 2003 செப்டம்பர் 1 முதல் சென்னையில் நிபந்தனை அணுகல் முறை நடைமுறைக்கு வந்திருந்தது. இம்முறையின்படி கட்டண அலைவரிசைகளைப் பெற ஒவ்வொரு வீட்டிலும் செட்-டாப் பெட்டி இருக்க வேண்டும். பெட்டி இல்லாத வீடுகளில் இலவச அலைவரிசைகள் மட்டுமே தெரியும். பெட்டியின் விலையைக் கண்டு பெரும்பாலான சென்னை வீடுகள் அதை வாங்கவில்லை. மதுரை உள்ளிட்ட பிற ஊர்களில் இம்முறை அமலில் இல்லை. அங்கு கேபிள் இயக்குநர் அலைவரிசையை வாங்கிக் கம்பியில் விட்டால் போதும், வீட்டில் பெட்டி எதுவும் தேவையில்லை. இதன் விளைவு சற்று வேடிக்கையானது. இந்தியத் தானுந்துப் பந்தயத்தின் தலைநகரம் எனத்தக்க சென்னையில் பெட்டி வாங்காத இரசிகர் தம் மாநிலத்துக்காரரின் முதல் பந்தயத்தைத் தவறவிட்டார். பந்தயத் தடத்தையே கண்டிராத சோழவந்தானில் கேபிள் இணைப்பு வைத்திருந்தவர் அதை வீட்டிலிருந்தே பார்க்க வாய்ப்பிருந்தது.

அவ்வாண்டு சூன் 19 அன்று இண்டியானாபொலிசில் நடந்த அமெரிக்க கிராண்ட் பிரீ நரேனின் பெயரைச் சாதனை ஏட்டில் பதித்தது. மிச்செலின் சக்கரங்கள் தடத்தின் சாய்வான கடைசி வளைவைத் தாங்கா என அந்நிறுவனமே எச்சரித்தது. அச்சக்கரங்களைப் பயன்படுத்திய 14 வாகனங்கள் அணிவகுப்புச் சுற்று முடிந்ததும் கொட்டகைக்குத் திரும்பின. பிரிட்ஜ்ஸ்டோன் சக்கரங்களைக் கொண்ட ஆறு வாகனங்கள் மட்டுமே ஓடின. பெராரி ஓட்டுநர் இருவருக்கும் தம் அணித் தோழர் டியாகோ மான்டெய்ரோவுக்கும் அடுத்து நான்காவதாக வந்த நரேன் 5 புள்ளிகள் பெற்றார். பார்முலா 1 போட்டியில் புள்ளி பெற்ற ஒரே இந்தியர் அவர். இப்புள்ளிகளைச் சிலர் குறைத்துப் பேசுவதுண்டு. எனினும் அன்று ஓடியவர்களுள் மினார்டி ஓட்டுநர்கள் இருவரை முந்தி முடித்தே அவர் அவ்விடத்தைப் பெற்றார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இந்திய நேரப்படி நள்ளிரவை ஒட்டி நடந்த அப்பந்தயத்தை நேரலையில் கண்டவர்கள் குறைவாகவே இருந்திருப்பர்.

ஒளிபரப்புக்கும் இருக்கைக்கும் உள்ள தொடர்பு

1981இல் ஏற்பட்ட கான்கார்டு ஒப்பந்தத்துக்குப் பின் பார்முலா 1 ஒளிபரப்பு உரிமைகளை பெர்னி எக்கிள்ஸ்டன் ஒருமுகப்படுத்தினார். அதற்கு முன் ஒரு நாட்டுத் தொலைக்காட்சி தன் நாட்டுப் பந்தயத்தைக் காட்டும், பிற பந்தயங்களை விரும்பினால் காட்டும். ஒருமுகப்படுத்திய பின் ஆண்டின் எல்லாப் பந்தயங்களும் ஒரே தொகுப்பாக விற்கப்பட்டன. அவ்வருவாயில் ஒரு பங்கு, அணிகளின் தர வரிசையை ஒட்டிப் பிரித்தளிக்கப்படுகிறது. முன்வரிசை அணிகளுக்கு மிகுதியாகவும் கடைசி அணிகளுக்குக் குறைவாகவும் கிடைக்கும்.

கடைசி அணி மற்றொரு வகையிலும் இழக்கிறது. படப்பிடிப்புக் கருவிகள் முன்னணியில் நடக்கும் போட்டியையே பின்தொடர்கின்றன. பின்வரிசை வாகனம் திரையில் தோன்றுவது பெரும்பாலும் முன்னணி வாகனம் அதை ஒரு சுற்று முந்தும்போதோ, அது எங்காவது மோதும்போதோதான். திரையில் தோன்றாத வாகனத்தில் தன் பெயரை எழுத எந்தப் பெருநிறுவனமும் முன்வராது. ஆகவே இத்தகைய அணிகள் தாமே பணம் கொண்டுவரக்கூடிய ஓட்டுநர்களை நாடுகின்றன. பணம் தீர்ந்தாலோ, கூடுதல் பணத்துடன் வேறொருவர் வந்தாலோ பருவத்தின் நடுவிலேயே ஓட்டுநர் மாற்றப்படுகிறார். தமிழ்நாட்டு ஓட்டுநர்கள் இருவரும் இடம்பெற்றவை இத்தகைய அணிகளே.

2006 முதல் 2010 வரை

ஜோர்டான் அணி 2006இல் மிட்லண்ட் என்ற பெயரில் இயங்கியது. நரேனுக்கு அதில் இடமில்லை. அவர் 2006, 2007 ஆண்டுகளில் வில்லியம்ஸ் அணியின் சோதனை ஓட்டுநராக இருந்தார். சோதனை ஓட்டுநரின் உழைப்பு தொலைக்காட்சியில் தெரிவதில்லை. தன்னைத் திரையில் நிறுத்திக்கொள்ள அவர் வேறு தொடர்களை நாடினார். நாடுகளின் பெயரில் அணிகள் மோதிய ஏ1 கிராண்ட் பிரீ தொடரில், 2007 திசம்பரில் சீனாவின் சூகாயில் வென்று இந்திய அணிக்கு முதல் வெற்றியை ஈட்டினார். 2010இல் அமெரிக்காவின் நாஸ்கார் சரக்குந்துத் தொடரில் ஓட்டி, அவ்வாண்டின் மிகப் புகழ்பெற்ற ஓட்டுநருக்கான இரசிகர் விருதைப் பெற்றார். அதே ஆண்டு அவருக்குப் பத்மசிறீ விருது வழங்கப்பட்டது.

இதற்கிடையே விஜய் மல்லையா 2007இல் ஸ்பைக்கர் அணியை வாங்கி, அதற்கு போர்ஸ் இந்தியா எனப் பெயரிட்டார். 2008 முதல் 2018 வரை களத்தில் இருந்த அவ்வணி, பெயரில் இந்தியாவைக் கொண்டிருந்தபோதிலும் ஒரு பந்தயத்தில்கூட இந்திய ஓட்டுநரை இறக்கவில்லை. அவ்வணி வேறு நாட்டு ஓட்டுநர்களைத் தேர்ந்தது. அணியின் பார்வையில் அதில் தவறில்லை எனினும், இந்தியப் பார்வையாளர்களுக்கு அது ஏமாற்றமாகவே அமைந்தது.

கருண் சந்தோக்

1984 சனவரி 19 அன்று சென்னையில் பிறந்த கருண் சந்தோக், ராலி ஓட்டுநர் விக்கி சந்தோக்கின் மகன். 2001இல் பார்முலா 2000 ஆசியா, 2006இல் ஆசிய பார்முலா ரெனோ வி6 ஆகிய தொடர்களை வென்றார். பார்முலா 1-க்கு அடுத்த படியான ஜிபி2 தொடரில் 2007இல் பெல்சியத்தின் ஸ்பாவிலும் 2008இல் செருமனியின் ஓக்கன்கெய்மிலும் வெற்றி பெற்றார்.

2010இல் புதிதாகத் தோன்றிய எசுப்பானிய அணியான எச்.ஆர்.டி. அவரை அமர்த்தியது. அணித் தோழர் புகழ்பெற்ற அயர்டன் சென்னாவின் உடன்பிறந்தாள் மகன் புரூனோ சென்னா. பகுரைனில் நடந்த முதல் பந்தயத்தில் கருணின் வாகனம் பயிற்சிச் சுற்றுகளில் ஓடும் நிலையிலேயே இல்லை. அவ்வாகனத்தை அவர் முதன்முதலில் ஓட்டியது தகுதிச் சுற்றில்தான். அத்தகைய வாகனத்தைக் கொண்டு இரு பந்தயங்களில் 14ஆம் இடம் பெற்றது சாதாரணமானதன்று. பத்துப் பந்தயங்களுக்குப் பின் அவர் இடத்தில் சப்பானின் சகோன் யமமோட்டோ அமர்த்தப்பட்டார். 2011இல் லோட்டஸ் அணியின் மாற்று ஓட்டுநராக இருந்து, செருமானிய கிராண்ட் பிரீயில் மட்டும் ஓட்டினார். அதுவே அவருடைய 11ஆவதும் இறுதியுமான பார்முலா 1 பந்தயம். 2012இல் லெ மான்ஸ் 24 மணிநேரப் பந்தயத்தில் பங்கேற்ற முதல் இந்தியர் ஆனார். அவர் இடம்பெற்ற அணி ஒட்டுமொத்தத்தில் ஆறாவதாக முடித்தது.

கருணின் வாழ்வில் தொலைக்காட்சி மற்றொரு பங்கு வகித்தது. இருக்கையை இழந்தபின் அவர் பிபிசி வானொலியில் வருணனைக் குழுவில் சேர்ந்தார். பிரித்தானியாவில் அப்போது ஒளிபரப்பு உரிமை அடிக்கடி கைமாறியது. 1997 முதல் ஐடிவியிடம் இருந்த உரிமை 2009இல் பிபிசிக்குத் திரும்பியது. 2012 முதல் கட்டண அலைவரிசையான ஸ்கையுடன் அதைப் பகிர வேண்டியதாயிற்று. 2016இல் பிபிசியின் பங்கு சேனல் 4-க்குச் சென்றது. 2019 முதல் நேரலை உரிமை ஏறத்தாழ முழுமையாக ஸ்கையிடம் சேர்ந்தது. கருணும் 2016இல் சேனல் 4-க்கும் 2019இல் ஸ்கைக்கும் சென்றார். தடத்தில் அவருக்குக் கிடைத்தவை 11 பந்தயங்கள். பகுப்பாய்வாளராகத் திரையில் கிடைத்த வாழ்வு அதைவிட மிக நீண்டது.

இந்திய கிராண்ட் பிரீ

2011இல் நரேன் எச்.ஆர்.டி. அணியின் வழியாகப் பார்முலா 1-க்குத் திரும்பினார். அணியை நடத்திய காலின் கொலஸ், 2005இல் ஜோர்டான் அணியின் நிர்வாகத்தில் இருந்தவர். பழைய அறிமுகங்கள் இவ்விளையாட்டில் எவ்வளவு பயன்படும் என்பதற்கு இது ஒரு சான்று. எட்டு பந்தய வாரங்களுக்குப் பின், ரெட் புல் ஆதரவு பெற்ற ஆத்திரேலியர் டேனியல் ரிச்சியார்டோவுக்கு அவர் இடம் விட வேண்டியிருந்தது. இந்தியாவில் நடக்கும் முதல் பந்தயத்துக்கு மட்டும் அவர் மீண்டும் அழைக்கப்பட்டார்.

2011 அக்டோபர் 30 அன்று தில்லியை அடுத்த கிரேட்டர் நொய்டாவில், 5.125 கி.மீ. நீளமுள்ள புத்தா பன்னாட்டுத் தடத்தில் அப்பந்தயம் நடந்தது. நரேன் 17ஆவதாக முடித்தார். உள்நாட்டுப் பார்வையாளர்கள் முன் உள்நாட்டு ஓட்டுநர் இருப்பதன் விளம்பர மதிப்பை அணி உணர்ந்திருந்தது தெளிவு. லோட்டஸ் அணியோ கருணுக்கு வெள்ளிக்கிழமைப் பயிற்சியில் மட்டும் வாய்ப்பளித்தது.

அந்த ஆண்டு செப்டம்பரில் தமிழ்நாடு அரசு கேபிள் தொலைக்காட்சி நிறுவனம் மாதம் 70 ரூபாய்க் கட்டணத்தில் சேவையைத் தொடங்கியிருந்தது. சிற்றூர்களுக்கு இது பெரும் சலுகை. ஆனால் தொடக்கத்தில் கட்டண அலைவரிசைகள் பல அதில் இடம்பெறவில்லை. ஆறு ஆண்டுகளுக்கு முன் சென்னைக்கு நேர்ந்தது இப்போது பிற மாவட்டங்களின் வீடுகளுக்கும் நேரக்கூடிய நிலை உருவாயிற்று. மலிவாகத் தொலைக்காட்சி பார்த்தவர்கள் விளையாட்டு அலைவரிசைக்காக வீட்டுக்கூரையில் செயற்கைக்கோள் தட்டு ஒன்றைப் பொருத்த வேண்டியிருந்தது.

2012 முழுவதும் நரேன் எச்.ஆர்.டி. அணியில் ஓட்டினார். முதல் பந்தயத்தில், முன்னணி நேரத்தின் 107 விழுக்காட்டுக்குள் ஓட்ட வேண்டும் என்ற விதியால் தகுதி பெறவில்லை. மலேசியாவில் மழையால் நிறுத்தப்பட்ட பந்தயம் மீண்டும் தொடங்கியபோது, பொருத்தமான மழைச் சக்கரங்களுடன் புறப்பட்டிருந்த அவர் 10ஆம் இடத்தில் இருந்தார். பின்னர் அவருடன் பட்டுச் சக்கரம் கிழிந்த செபாஸ்டியன் வெட்டல் புள்ளிகளை இழந்து, அவரைக் கடுஞ்சொற்களால் சாடினார். அன்று உலகச் செய்திகளில் நிலைத்தது 10ஆம் இடம் அல்ல, அந்த உரசல்தான். ஒரு புள்ளியும் பெறாத எச்.ஆர்.டி. அணி அவ்வாண்டின் இறுதியில் மூடப்பட்டது. நரேனின் பார்முலா 1 வாழ்க்கை 46 பந்தயங்களுடன் நின்றது.

இந்திய கிராண்ட் பிரீயும் நீடிக்கவில்லை. உத்தரப் பிரதேச அரசு பந்தயத்தை விளையாட்டாகக் கொள்ளாமல் கேளிக்கையாகக் கருதி வரி விதித்ததால் எழுந்த சிக்கலில், 2013ஆம் ஆண்டுப் பந்தயமே கடைசியாயிற்று. மூன்று பந்தயங்களையும் வென்றவர் வெட்டல்.

பிற்கால மாற்றங்கள்

நரேன் 2014இல் சப்பானின் சூப்பர் பார்முலா தொடருக்குச் சென்றார். இது 2001இல் அவர் ஓட்டிய பார்முலா நிப்பானின் புதிய பெயரே. அங்கு ஐந்து பருவங்கள் ஓட்டியபின் 2019இல் சூப்பர் ஜிடி தொடரில் பங்கேற்றார். அவ்வாண்டு நவம்பரில் பியூஜியில் செருமானிய டிடிஎம் வாகனங்களும் கலந்துகொண்ட சிறப்புப் பந்தயங்களில் ஒன்றை வென்றார். ஆண்டுதோறும் ஊதியமும் நல்ல வாகனமும் தந்த சப்பான், அவருடைய வாழ்வில் பார்முலா 1-ஐக் காட்டிலும் நிலையான இடமாக அமைந்தது எனலாம். ஆனால் இந்தியத் தொலைக்காட்சிகள் பொருட்படுத்தாத அத்தொடர்களில் அவர் பெற்ற வெற்றி, 2005இன் தோல்விகள் பெற்ற கவனத்தில் சிறு பங்கைக்கூடப் பெறவில்லை.

உலக அளவில் 2017 சனவரியில் லிபர்ட்டி மீடியா நிறுவனம் பார்முலா 1-இன் வணிக உரிமைகளை வாங்கி முடித்தது. 2018இல் அது இணையவழி ஒளிபரப்புச் சேவையைத் தொடங்கியது. 2019 முதல் நெட்ஃபிளிக்ஸ் வெளியிட்டு வரும் ஆவணத் தொடர், பின்வரிசை அணிகளின் உட்பூசல்களையும் கதையாக்கிப் புதிய இரசிகர்களை ஈர்த்தது. நேரலையில் முகம் தெரியாத ஓட்டுநர்கள் அதில் முதன்மை மாந்தர் ஆயினர். எச்.ஆர்.டி. காலத்தில் இவ்வாய்ப்பு இல்லை.

இந்தியாவில் இதற்கு எதிர்த்திசையில் காரியங்கள் நடந்தன. 2019 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதிய கட்டண முறை, ஒவ்வொரு அலைவரிசையையும் தனி விலையில் தேர்ந்தெடுக்கச் செய்தது. ஸ்டார் ஸ்போர்ட்ஸ் 2017இல் தொடங்கிய தமிழ் அலைவரிசையில் கிரிக்கெட்டும் கபடியும் தமிழ் வருணனை பெற்றன. பார்முலா 1 பெரும்பாலும் ஆங்கில வருணனையுடனேயே வந்தது. 2022 பருவத்துடன் ஸ்டார் ஸ்போர்ட்ஸ் ஒளிபரப்பு முடிவுற்றது. 2023இல் இந்தியத் தொலைக்காட்சி அலைவரிசை எதிலும் பார்முலா 1 நேரலை இல்லை. பார்முலா 1-இன் சொந்த இணையச் சேவையே வழியாக இருந்தது. 2024இல் உரிமை ஃபேன்கோட் என்னும் இணையச் செயலியிடம் சென்றது. கேபிள் இணைப்பு உள்ள வீட்டில் அலைவரிசை மாற்றும்போது தற்செயலாகப் பந்தயத்தைக் கண்டு இரசிகர் ஆவது இம்மாற்றத்தால் அரிதாயிற்று. தேடிச் சென்று பணம் கட்டுபவர் மட்டுமே காணும் விளையாட்டாக அது மாறியது.

தமிழ்நாட்டில் பந்தயம் மக்கள் பார்வைக்கு வந்த அண்மை நிகழ்வு சென்னை பார்முலா 4 பந்தயம். தீவுத்திடலைச் சுற்றிய ஏறத்தாழ 3.5 கி.மீ. சாலைத் தடத்தில் 2023 திசம்பரில் நடக்கவிருந்த இது, மிக்சாம் புயலால் தள்ளிவைக்கப்பட்டு 2024 ஆகத்து 31, செப்டம்பர் 1 ஆகிய நாட்களில் இரவுப் பந்தயமாக நடைபெற்றது. நடிகர் அஜித் குமார் தம் பெயரில் அமைத்த அணியுடன் 2025 சனவரியில் துபாய் 24 மணிநேரப் பந்தயத்துக்குச் சென்றபோது, விளையாட்டு அலைவரிசைகள் எட்டாத வீடுகளிலும் பந்தயச் செய்தி பேசப்பட்டது. 2025இல் நரேன் கார்த்திகேயன் அவ்வணியில் இணைவதாக அறிவிக்கப்பட்டது.